தாடை வலிக்குப் பல்லை மட்டும் பார்த்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் பேட்டைப் பல் மருந்தகம் ஒன்றில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். வேலை முடிந்து மாலையில் வருகிறவர்களில் ஒரு சாராரை உட்கார்ந்தவுடனேயே அடையாளம் கண்டுவிடலாம். எந்தப் பல் என்று கேட்டால் பல்லைக் காட்டமாட்டார்கள், காதுக்கு முன்னால் விரலை வைப்பார்கள். காலையில் எழுந்தால் தாடை இறுகிக் கிடக்கிறது, கொட்டாவி விட்டால் டக்கென்று சத்தம் வருகிறது, நெற்றிப்பொட்டு தெறிக்கிறது என்பார்கள். பலர் முதலில் காது மருத்துவரைப் பார்த்துவிட்டு, காதில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு எங்களிடம் வந்தவர்கள். அடுத்து அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, ஞானப்பல்லைப் பிடுங்கிட்டா சரியாயிடுமா?"

பல் மருந்தகத்துக்கு வந்தவர் பல்லைப் பற்றிக் கேட்பது இயல்புதான். ஆனால் வேலைக்குப் போகும் வயதினரின் தாடை மூட்டுக் கோளாறில் பல்லின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. அவர்களுடைய தூக்கம், வேலைநேரம், மனஅழுத்தம் பற்றி யாரும் கேட்பதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கீழ்த்தாடை மண்டையோட்டுடன் சேரும் இடம் காதை ஒட்டி முன்னால் இருக்கிறது. இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் ஒரு சிறு தட்டு உண்டு. அது இடம் நகர்ந்து மறுபடி பொருந்தும்போதுதான் அந்த டக் சத்தம். வலி இல்லாமல் சத்தம் மட்டும் என்றால் பெரும்பாலும் சிகிச்சையே வேண்டாம். வலியோடு வருகிறவர்களில் பலருக்கு மூட்டைவிடத் தசையில்தான் கோளாறு. கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் இருக்கும் மெல்லும் தசைகள் ஓய்வில்லாமல் இறுகி இறுகிக் களைத்துப்போகின்றன.

பழியைப் பல்மேல் போட்டது பழைய கதை. 1934ல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர், கடைவாய்ப் பற்கள் இல்லாமல் போவதால் தாடை மூட்டு அழுந்தி இந்தத் தொல்லைகள் வருகின்றன என்று எழுதினார். அதன் பிறகு எத்தனையோ பேருக்கு நல்ல பல்லையே ராவிச் சரிசெய்தார்கள். 2006ல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஒப்பெரா' என்ற ஆய்வு வேறு வழியில் போனது. தாடைக் கோளாறு இல்லாத 18 முதல் 44 வயதுக்காரர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, யாருக்கு அது புதிதாக வருகிறது என்று பார்த்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 4 விழுக்காட்டினருக்கு வந்தது. ஏற்கெனவே தலைவலி, முதுகுவலி போன்ற வேறு வலிகள் இருந்தவர்கள், தூக்கம் கெட்டவர்கள், மனஅழுத்தம் கூடியவர்கள், பல்லைக் கடிக்கும் பழக்கம் உள்ளதாகச் சொன்னவர்கள் ஆகியோருக்கே ஆபத்து அதிகமாக இருந்தது. இந்தப் பட்டியலைப் படித்தபோது எங்கள் மருந்தகத்தின் மாலை நேர வரிசையைப் பார்ப்பதுபோல் இருந்தது.

பல்லைக் கடிப்பது என்றதும் எல்லாருக்கும் இரவில் நறநறப்பதுதான் நினைவுக்கு வரும். பகலில் கடிப்பது யாருக்கும் தெரிவதில்லை. கணக்குப் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண், "நான் கடிக்கிறதே இல்லை டாக்டர்" என்று அடித்துச் சொன்னார். ஆனால் கடிப்பதன் அடையாளமாகக் கன்னத்தின் உட்புறம் பற்கள் சேரும் மட்டத்தில் வெள்ளைக்கோடு ஓடுகிறது, நாக்கின் ஓரமெல்லாம் பல் தடம். மருத்துவர் மறுத்துப் பேசவில்லை. கைப்பேசியை எடுத்து அலுவலக மின்னஞ்சல் ஒன்றுக்குப் பதில் எழுதச் சொன்னார். எழுதத் தொடங்கிய சற்று நேரத்தில் தாடையோரத் தசை புடைத்து எழும்பியது. மருத்துவர் அவர் கையைப் பிடித்து அங்கே வைத்துக் காட்டினார். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாள்களில் இப்படி எத்தனை மணி நேரம் இருந்திருப்பார்! மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட வேண்டிய அவசியமே இல்லை. உதடு மூடியிருக்கட்டும், பற்கள் விலகியிருக்கட்டும். கணினித் திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தளர்த்தச் சொல்லி அனுப்பினார்.

12 மணி நேர ஷிப்ட் பார்க்கும் பாதுகாவல் அதிகாரிகளின் நிலைமை வேறு. பகலில் தூங்க வேண்டும். மேல்மாடியில் துளைபோடும் சத்தம், பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரம் என்று அந்தத் தூக்கமும் துண்டு துண்டாகிவிடும். இரவில் கண் விழிக்கக் கோப்பி கோசோங், இடையிடையே சிகரெட். கோப்பி, சிகரெட், மது மூன்றுக்கும் இரவில் பல் கடிப்பதற்கும் தொடர்பு உண்டு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளும் பல் கடிப்பைத் தூண்டலாம். அப்படிப்பட்ட மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது, மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு அறிவுரைகளில் சூயிங் கம் மெல்லாதீர்கள் என்பது தவறாமல் இருக்கும். 1992லிருந்து விற்பனைத் தடை இருப்பதால் நமக்கு அந்தக் கவலை அதிகம் இல்லை. ஆனால் தே பிங் குடித்து முடித்ததும் அடியில் கிடக்கும் ஐஸ் கட்டியை நொறுக்குகிறோமே, அதற்கு எந்தத் தடையும் இல்லை.

பிடுங்குவதற்கு அடுத்தபடியாகக் கேட்கப்படுவது, இரவில் மாட்டிக்கொள்ளும் பல்லுறை. பல் தேயாமல் அது காக்கும், அதனால் வீண் செலவு என்று சொல்லமாட்டேன். ஆனால் கடிப்பதை அது நிறுத்திவிடாது. நாள்பட்ட தாடை வலிக்கென 2023ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த வழிகாட்டி, மனநல ஆலோசனை சார்ந்த பயிற்சிக்கும் நிபுணர் மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சிக்கும்தான் முன்னிடம் தந்தது. பல்லுறையை அது அவ்வளவாகப் பரிந்துரைக்கவில்லை. மூட்டுத் தட்டை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை வேண்டாம் என்று அழுத்தமாகவே சொன்னது.

இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. பல் சிகிச்சைக்கு வேலை வயதினர் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்துவது அறுவை சிகிச்சைக்குத்தான். முதலில் செய்ய வேண்டியது கத்தி படாத சிகிச்சை என்றால், அதற்கு மட்டும் ஏன் கைக்காசு? பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்குப் போனால் கட்டணச் சலுகை உண்டு என்பதே பலருக்குத் தெரியவில்லை. சுகாதார அமைச்சு இதைக் கவனிக்க வேண்டும்.

தனியார் மருந்தகங்களுக்கு ஒரு வேண்டுகோள். புது நோயாளி நிரப்பும் படிவத்தில் நீரிழிவு, ரத்த அழுத்தம், ஒவ்வாமை எல்லாம் கேட்கிறோம். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், இரவு ஷிப்ட் உண்டா, உடம்பில் வேறெங்காவது வலி இருக்கிறதா என்று இன்னும் மூன்று வரி சேர்த்தால் என்ன?

முதலாளிகளிடமும் ஒன்று கேட்கிறேன். ஊழியர்களின் வேலை அழுத்தத்தை அளக்க 'ஐவொர்க்ஹெல்த்' என்ற இணையக் கருவி 2021லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. நிறுவனங்கள் அதைச் செய்து பார்த்து, ஷிப்டுக்கும் ஷிப்டுக்கும் நடுவே போதிய தூக்கம் கிடைக்கிறதா என்பதையாவது சரிபார்க்கலாம். நாற்காலியும் மேசையும் மாற்றித் தந்துவிட்டு, நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் வேலை அனுப்பும் மேலாளர்களை என்ன சொல்வது!

வாசகர்கள் தங்கள் மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பார்க்கலாம். இரண்டுகூட நுழையச் சிரமப்பட்டாலோ, திறந்த வாய் மூடாமல் பூட்டிக்கொண்டாலோ பல் மருத்துவரிடம் உடனே வாருங்கள். தாடை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் எங்களிடம் வர வேண்டாம், 995ஐ அழையுங்கள்.

இப்படிக்கு,
பல் மருந்தக உதவியாளர்,
ஈசூன்