பன்னிரண்டு மணிக்குப் பிறக்காத புத்தாண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் புத்தாண்டுச் சிறப்பிதழை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். படங்கள் அழகு. ஆனால் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் ராத்திரி பன்னிரண்டு மணி, கேக், பட்டாசு. உலகத்தில் வருஷம் நள்ளிரவில் மட்டுமா பிறக்கிறது?

நாங்கள் இருப்பது மதுரை கோரிப்பாளையத்தில். எதிர்வீட்டு பாய் குடும்பத்துக்குப் பொழுது சாய்ந்தாலே மறுநாள் தொடங்கிவிடும், அதனால் அவர்களுடைய இஸ்லாமிய ஹிஜ்ரி வருஷமும் முதல் மாதமான முஹர்ரத்தின் பிறை தெரிந்த சாயங்காலம், மஃரிப் என்கிற அந்தித் தொழுகைக்கான பாங்கோடு பிறந்துவிடுகிறது. போன தடவை நான் இனிப்பு வாங்கிக்கொண்டு போனபோது பாயம்மா, “உள்ள வாங்கக்கா, இதை நாங்க பெருசா கொண்டாடுறதில்ல, ஒன்பதும் பத்தும் நோன்பு வைப்போம்” என்றார். அந்த வருஷத்துக்கு 354 அல்லது 355 நாள்தான், அதனால் வருஷா வருஷம் பத்துப் பதினொரு நாள் முன்னால் வந்து வெயில், மழை, பனி எல்லாக் காலத்தையும் ஒரு சுற்று சுற்றிவிடும்.

யூதர்களுக்கும் அந்தி சாயும்போதுதான் புத்தாண்டு. ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிடுவார்கள், அப்புறம் பத்தாம் நாள் யோம் கிப்பூர் வரைக்கும் செய்த தப்பை நினைத்து மன்னிப்புக் கேட்கிற நாட்கள். பாலித் தீவு இந்துக்கள் இன்னும் ஒரு படி மேலே. நியெப்பி என்கிற அவர்கள் புத்தாண்டு அன்று விடியலிலிருந்து மறுநாள் விடியல் வரை விளக்கு இல்லை, வேலை இல்லை, தெருவில் ஆள் இல்லை, விமான நிலையத்தையே மூடிவிடுகிறார்கள். டிசம்பர் 31 ராத்திரி எங்கள் தெருவில் பைக் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பறக்கிற பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர் ஞாபகம்தான் வருகிறது.

சரி, நம் சித்திரை ஒன்று? சூரியன் மேஷத்தில் நுழைகிற நேரத்தைப் பஞ்சாங்கம் சொல்லும், ஆனால் எங்கள் வீட்டில் அம்மா கண்ணைப் பொத்திக் கூட்டிப்போய்க் கனித்தட்டு முன்னால் நிறுத்திக் கையை எடுக்கும்போதுதான் வருஷம் பிறக்கும். அதற்கு ஒரு வாரம் முன்பே வேப்பமரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவைப்போம், விடிந்ததும் உதிர்ந்த பூவைக் கூட்டியெடுத்துக் காம்பும் தூசியும் போகப் புடைத்துக் காயவைப்பது என் வேலை. நெய்யில் கருக வறுத்து மாங்காய், வெல்லப் பச்சடியில் போட்டால் முதல் வாய் கசந்துகொண்டுதான் இறங்கும்.

சித்திரைச் சிறப்பிதழிலாவது இதையெல்லாம் எழுதுங்கள். முஹர்ரம் முதல் நாள் பற்றிப் போட்டால் ‘கொண்டாட்டம்’ என்று மட்டும் தலைப்பு வைத்துவிடாதீர்கள், எழுதுவதற்கு முன்னால் அந்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
கோரிப்பாளையம், மதுரை.