அந்தப் படிப்பில் பெண்களுக்கு இரண்டு இடம்: பிரெஞ்சுக் கால்பந்துச் சம்மேளனத்துக்குத் திறந்த மடல்

பிரெஞ்சுக் கால்பந்துச் சம்மேளனத்தின் தலைவர் அவர்களுக்கும், தொழில்முறை லீக்கின் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம்.

இந்தக் கடிதத்தின் பிரெஞ்சுப் பிரதியை உங்கள் அலுவலகங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதக் காரணம், பாரிஸின் வடக்குப் புறநகரில் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிவரும் தமிழ்ப் பெற்றோர்கள். புதுச்சேரிக் குடும்பங்களும் யாழ்ப்பாணக் குடும்பங்களும் இப்போது பெண் பிள்ளைகளையும் பந்து விளையாட அனுப்புகிறார்கள். உங்களிடம் என்ன கேட்கிறேன் என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

கேட்பது ஒன்றுதான். தொழில்முறைப் பயிற்சியாளர் பட்டயத்துக்கு, அதாவது எல்லாரும் பே.ஈ.பே.எஃப். என்று சொல்கிற அந்தப் படிப்புக்கு, ஒவ்வொரு முறை ஆள் எடுக்கும்போதும் இரண்டு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்குங்கள்.

போன மாதம் எங்கள் சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஆண்கள் முதல் அணியின் பயிற்சியாளர் வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். 17 வயதுக்குட்பட்ட பையன்களைப் பல வருடமாக நடத்திவருகிற ஒரு பெண் எங்களிடம் இருக்கிறார். சங்கத்தில் எல்லாரையும்விட உயர்ந்த பயிற்சிப் பட்டயம் அவரிடம்தான் இருக்கிறது. முதல் அணியில் இன்று ஆடுகிறவர்களில் பலர் அவரிடம் கற்றுக்கொண்டு போனவர்கள். நிர்வாகக் குழுவில் நான் அவர் பெயரைச் சொன்னேன். "நல்லவர்தான், ஆனால் பையன்கள் அவர் பேச்சைக் கேட்க மாட்டார்கள்" என்றார்கள். பையன்களைக் கூப்பிட்டு யாரும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அணி, பட்டயம் எதுவும் இல்லாத ஓர் ஆணின் கைக்குப் போயிற்று.

வெளியூர் ஆட்டங்களுக்கு அந்தப் பெண் பயிற்சியாளரோடு நானும் போவேன். ஆட்ட விவரங்களை டேப்லெட்டில் நிரப்புவது என் வேலை. மைதானம் மாறினாலும் நடப்பது மாறுவதில்லை. நடுவர் வருவார். எங்கள் இரண்டு பேரையும் தாண்டிப் போய், தண்ணீர் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஒரு பையனின் அப்பாவிடம் கை நீட்டுவார். "கோச், ஒரு கையெழுத்து." அந்த அப்பா சங்கடத்தோடு எங்கள் பக்கம் கை காட்டுவார். நடுவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பயிற்சியாளர் கைகுலுக்க வருவார், அவரும் முதலில் அந்த அப்பாவிடம்தான் போவார். பயிற்சியாளர் என்ற இடத்தில் இந்தப் பெண்ணின் பெயர், உரிம எண், படம் எல்லாம் திரையில் இருக்கின்றன. நடுவர் கையில் இருக்கிற அதே திரை. அதைப் படிப்பதற்கு முன்பே அவர் கண் ஓர் ஆணைத் தேடிப் போய்விடுகிறது. இதைப் பற்றி அந்தப் பெண் என்னிடம் ஒரு நாளும் முறையிட்டதில்லை. திரும்பி வரும்போது காரில் அடுத்த வார ஆட்டத்தைப் பற்றித்தான் பேசுவார். எனக்குத்தான் வயிறு எரியும்.

நடுவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆண்கள் தொழில்முறைக் கால்பந்தின் மேல் பிரிவான லீக் 1-இல் 18 அணி, அதற்கு அடுத்த லீக் 2-இல் 18 அணி. தொலைக்காட்சியில் அவர்கள் வாராவாரம் பார்க்கிற 36 பெஞ்சுகளிலும் எழுந்து நின்று கத்துகிறவர் ஆண். இந்த நாட்டில் அது ஒரே ஒரு முறை மாறியது. அது எப்படி மாறியது, அப்புறம் என்ன ஆயிற்று என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எங்கள் பெற்றோர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

2014 மே மாதம் லீக் 2 அணியான கிளெர்மோன், போர்ச்சுகலைச் சேர்ந்த ஹெலெனா கோஸ்டாவைத் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன. ஜூன் மாதம், வேலை தொடங்க வேண்டிய நேரத்தில், அவர் விலகிப் போனார். வீரர்களை எடுப்பதும் பயிற்சி ஆட்டங்களுக்கு ஏற்பாடு செய்வதும் தனக்குத் தெரியாமலே நடந்தன என்றும், தன்னை வெறும் முகமாகத்தான் வைத்திருக்கப் பார்த்தார்கள் என்றும் சொன்னார். சில நாட்களில் அதே அணி கொரின் தியாக்ரைக் கூப்பிட்டது.

தியாக்ர் வந்த வழியைப் பாருங்கள். ஷரான்த் மாவட்டத்தில் இருக்கிற சுவாயோ என்கிற சின்ன ஊர் அணிக்குப் பதின்ம வயதிலிருந்து ஏறக்குறைய இருபது வருடம் தற்காப்பில் ஆடியவர். பிரான்சுக்காக 121 ஆட்டம். 2002-இல் சேந்த்-எத்தியேன் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் போட்ட கோல்தான் பிரெஞ்சுப் பெண்களை முதல் முறையாக உலகக் கோப்பைக்குக் கொண்டுபோனது. ஆடி முடித்ததும் அதே சுவாயோவுக்குப் பயிற்சியாளர், தேசிய அணிக்கு உதவிப் பயிற்சியாளர். 2014-இல் பே.ஈ.பே.எஃப். பட்டயம் வாங்கினார். அதை வாங்கிய முதல் பெண் அவர்தான். கிளெர்மோன் தொலைபேசியில் அழைத்தபோது அவரால் சரி என்று சொல்ல முடிந்தது என்றால், அதற்குக் காரணம் அந்தப் பட்டயம் கையில் இருந்ததுதான். அந்த ஆண்டு அந்தப் படிப்பில் அவருக்கு இடம் கிடைக்காமல் போயிருந்தால் இந்தக் கதையே கிடையாது. இதைத்தான் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன்.

2014 ஆகஸ்ட் 4, பிரெஸ்ட்டில் முதல் ஆட்டம். எதிரணிப் பயிற்சியாளர் அலெக்ஸ் துபோன் அவருக்குப் பூங்கொத்து கொடுத்து வரவேற்றார். அன்பாகத்தான் கொடுத்திருப்பார். ஆனால் புதிதாக வருகிற ஆண் பயிற்சியாளருக்கு யாரும் பூங்கொத்து கொடுப்பதில்லை. கிளெர்மோன் 2-1 என்று தோற்றது. லீக்கிலேயே சிறிய பட்ஜெட் வைத்திருக்கிற அணிகளில் அதுவும் ஒன்று. அந்த ஆண்டு கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் 12-ஆம் இடத்தில் முடித்தது, அடுத்த ஆண்டு 7-ஆம் இடம். 2015-இல் 'பிரான்ஸ் ஃபுட்பால்' பத்திரிகை லீக் 2-இன் சிறந்த பயிற்சியாளராக அவரைத் தேர்ந்தெடுத்தது. மூன்று முழுப் பருவங்கள். பையன்கள் பேச்சைக் கேட்டார்கள்.

2017 ஆகஸ்ட்டில் அவர் பெண்கள் தேசிய அணிக்குப் போனார். அதற்கப்புறம் இன்றுவரை லீக் 1, லீக் 2 இரண்டிலும் எந்த அணிக்கும் ஒரு பெண் தலைமைப் பயிற்சியாளராக வரவில்லை.

தேசிய அணியில் அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. மூத்த வீராங்கனைகளோடு முறுகல், அவர்களில் ஒருவரான அமந்தின் ஆன்றியை ஒதுக்கியது, கடைசியில் 2023 பிப்ரவரியில் அணித் தலைவி வென்டி ரெனார் "இனி ஆடமாட்டேன்" என்று சொல்லும் அளவுக்குப் போனது. மார்ச்சில் நீங்கள் தியாக்ரை நீக்கினீர்கள். நீக்கியது தவறு என்றுகூட நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு என் காதில் விழுந்த பேச்சு வேறு. "பார்த்தாயா, பெண்ணிடம் கொடுத்தால் இப்படித்தான்." ஒருவர் சறுக்கினார், கணக்கு எல்லாப் பெண்களின் பெயரிலும் எழுதப்பட்டது.

அவருக்குப் பதில் வந்தவர் எர்வே ரெனார். அவர் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. சாம்பியாவையும் ஐவரி கோஸ்ட்டையும் ஆப்பிரிக்கக் கோப்பை வெல்ல வைத்தவர், 2022 உலகக் கோப்பையில் சவூதி அணியை வைத்து அர்ஜென்டினாவை வீழ்த்தியவர். அதே ரெனார் 2014-இல் சோஷோ அணியோடு லீக் 1-இலிருந்து கீழ்ப் பிரிவுக்கு இறங்கினார், 2015-இல் லில் அணி சில மாதங்களிலேயே அவரை வெளியே அனுப்பியது. அதற்காக "ஆண்களிடம் கொடுத்தால் இப்படித்தான்" என்று யாராவது சொன்னார்களா? சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. அவருக்கு மறுபடி வாய்ப்பு வந்தது, வந்ததால்தான் அர்ஜென்டினாவை வீழ்த்த முடிந்தது. நான் கேட்பது அந்த மாதிரி வாய்ப்பின் வாசல்வரை வர அனுமதி.

"தகுதியுள்ள பெண்கள் இல்லையே, நாங்கள் என்ன செய்வது?" என்று அணித் தலைவர்கள் சொல்வார்கள். இந்தப் பதிலை நானே பல இடங்களில் கேட்டிருக்கிறேன். தகுதி எங்கே கிடைக்கிறது? உங்கள் படிப்பில்தான். ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய பத்துப் பேரைத்தான் எடுக்கிறீர்கள். அதில் சேர வேண்டுமானால் கீழ்ப் பட்டயம் இருக்க வேண்டும், உயர்ந்த நிலையில் ஓர் அணியை நடத்திய அனுபவமும் இருக்க வேண்டும். பெண்கள் முதல் லீக்கிலேயே பெரும்பாலான அணிகளுக்கு ஆண்கள்தான் பயிற்சியாளர் என்னும்போது, அந்த அனுபவத்தைப் பெண் எங்கே போய்த் தேடுவாள்? அணி கிடைக்காததால் படிப்பு இல்லை, படிப்பு இல்லாததால் அணி இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்க உங்களால் மட்டும்தான் முடியும்.

பட்டயம் என்பது மீறவே முடியாத விதியும் கிடையாது. 2022 அக்டோபரில் ரெய்ம்ஸ் அணி வில் ஸ்டில்லிடம் பொறுப்பைக் கொடுத்தது. அவருக்கு வயது 30, உரிய பட்டயம் இல்லை. ஆட்டத்துக்கு 25,000 யூரோ அபராதம் என்பது உங்கள் விதி. ரெய்ம்ஸ் கட்டியது. ஸ்டில் மார்ச் மாதம்வரை லீக்கில் தோற்கவே இல்லை. அந்த இளைஞனுக்காக நான் கைதட்டினேன், இப்போதும் தட்டுவேன். ஆனால் ஓர் ஆண்மேல் நம்பிக்கை வந்துவிட்டால் ஆட்டத்துக்கு ஆட்டம் 25,000 யூரோ கட்ட ஆள் இருக்கிறது. பட்டயம் வைத்திருக்கிற பெண்ணுக்கு அழைப்பே வருவதில்லை. பிரெஞ்சுப் பயிற்சியாளர் சோனியா பொம்பாஸ்தோர் லியோன் பெண்கள் அணியை 2022-இல் ஐரோப்பிய வெற்றியாளராக்கினார், 2024-இல் லண்டனின் செல்சி அணிக்குப் போனார், போன முதல் பருவத்திலேயே லீக்கில் ஓர் ஆட்டமும் தோற்காமல் மூன்று கோப்பை வென்றார். லண்டன் அவரைப் பெண்கள் அணிக்குத்தான் கூப்பிட்டது, அது வேறு விஷயம். இங்கே ஆண்கள் அணிக்கு இடம் காலியாகும்போதெல்லாம் பத்திரிகைகளில் வருகிற பெயர்ப் பட்டியல்களில் அவர் பெயரை நான் பார்த்ததில்லை.

மற்ற நாடுகள் நின்றுகொண்டிருக்கவில்லை. 2016-இல் ஹாங்காங்கில் சான் யுவென்-திங் ஈஸ்டர்ன் ஆண்கள் அணியை லீக் வெற்றியாளராக்கினார். ஜெர்மனியின் மூன்றாம் லீக்கில் இங்கோல்ஷ்டாட் ஆண்கள் அணியை 2024-இல் சப்ரினா விட்மன் ஏற்றுக்கொண்டார்.

நீங்கள் மனது வைத்தால் நடக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம்கூடத் தேவையில்லை. தியாக்ர் கிளெர்மோனுக்கு வந்த அதே 2014-இல்தான் ஸ்டெஃபனி ஃப்ராப்பார் லீக் 2-இல் நடுவரானார். அவருக்கு நீங்கள் வழி விட்டீர்கள், படிப்படியாக மேலே கொண்டுவந்தீர்கள். 2019-இல் லீக் 1, அதே ஆண்டு இஸ்தான்புல்லில் லிவர்பூல் – செல்சி சூப்பர் கோப்பை, 2022 டிசம்பர் 1 அன்று கத்தாரில் ஜெர்மனி – கோஸ்டா ரிகா ஆட்டம். ஆண்கள் உலகக் கோப்பையில் விசில் ஊதிய முதல் பெண் பிரான்சைச் சேர்ந்தவர் என்று எங்கள் சங்கத்துச் சிறுமிகள் குதித்ததை நான் பார்த்தேன். 2014-இல் இரண்டு கதவு திறந்தது. ஒன்று உலகக் கோப்பைவரை போனது. இன்னொன்று மூன்று வருடத்தில் சாத்திக்கொண்டது.

காசு இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆட்டங்களை ஒளிபரப்ப ஆண்டுக்கு 80 கோடி யூரோ அளவில் தருவதாகச் சொன்ன மீடியாப்ரோ நிறுவனத்தை 2018-இல் நம்பினீர்கள், 2020-இல் நடைமுறைக்கு வந்த சில மாதத்தில் ஒப்பந்தம் உடைந்தது. 2022-இல் லீக்கின் வணிக நிறுவனத்தில் 13 விழுக்காட்டை 150 கோடி யூரோவுக்கு சி.வி.சி. முதலீட்டு நிதியத்திடம் கொடுத்தீர்கள். அந்தப் பேரங்களுக்கெல்லாம் கூட்டம் போட நேரம் இருந்தது. தியாக்ரை வளர்த்த சுவாயோ, 1984-இல் பிரான்சின் பெண்கள் வெற்றியாளர், 2023-இல் கடனில் மூழ்கியபோது கைகொடுக்க ஆள் இல்லை. எங்களைப் போன்ற சங்கங்களில் பெண்கள் அணிக்கு மைதானத்தின் விளக்கு எட்டாத பாதிதான் கிடைக்கிறது. இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் கடிதம் முடியாது. இரண்டு இடம் ஒதுக்க உங்களுக்கு ஒரு யூரோகூடச் செலவில்லை, அதனால் அதற்கே திரும்புகிறேன்.

ஐயா, மரியாதையோடு மறுபடி கேட்கிறேன். அடுத்து பே.ஈ.பே.எஃப். படிப்புக்கு விண்ணப்பம் கேட்டு அறிவிக்கும்போது, பெண்களுக்கு இரண்டு இடம் என்று அந்த அறிவிப்பிலேயே எழுதுங்கள். பெண்கள் அணியையோ இளையோர் அணியையோ நடத்திய அனுபவத்தை அந்த இரண்டு இடங்களுக்கும் முழு அனுபவமாக ஏற்றுக்கொள்ளுங்கள். பாடத்தைக் குறைக்க வேண்டாம், தேர்வை எளிதாக்க வேண்டாம். தேறாதவருக்குப் பட்டயம் தர வேண்டாம்.

முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுத்தில் பதில் தாருங்கள். அந்தப் பதிலை எங்கள் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன். பெற்றோர்கள் படிக்கட்டும், அந்த 17 வயதுப் பையன்களின் பயிற்சியாளரும் படிக்கட்டும். கீழ்ப் பட்டயம் அவரிடம் இருக்கிறது. இடம் வந்தால் விண்ணப்பிப்பார்.

இப்படிக்கு,
பாரிஸ் வடக்குப் புறநகர்ச் சங்கம் ஒன்றின் தன்னார்வத் தொண்டர்