தம்பி, விருந்துக்காகக் கல்யாணம் காத்திருக்க வேண்டாம்

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு,

ஒரே வீட்டில் இருக்கிறவனுக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. நீ டோக்கியோவிலிருந்து சிங்கப்பூருக்குத் திரும்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. போனில் பேசினால் அம்மா பக்கத்தில் இருப்பாள், வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஆபீஸ் மேசையில் வைத்துத் திறப்பாய், அதனால்தான் நீளமாக எழுதி ஈமெயிலில் அனுப்புகிறேன். ராத்திரி ரூமுக்குப் போனபிறகு நிதானமாக வாசி.

செவ்வாய்க்கிழமை நீ சொன்னபடி, கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் குடியேறப்போகிற டெங்கா வீட்டைத் திறந்துவிடப் போனேன். டைல்ஸ் போடுகிறவர் வர அரை மணி நேரம் பிந்தியது. அதுவரை வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம் என்று ஒவ்வொரு ரூமாகப் போனேன், புது சிமெண்ட் வாசனை, விமானத் தளத்திலிருந்து கிளம்பிய ஜெட் ஒன்று தலைக்கு மேலே போனபோது ஜன்னல் அதிர்ந்தது. உள் ரூமில் ஜன்னல் ஓரமாக, பிளாஸ்டிக் உறை பாதி பிரித்தபடி ஒரு மெத்தை. மேலே நம் வீட்டுப் போர்வை, அம்மா தேக்காவில் வாங்கிய நீலக்கட்டம் போட்டது. இரண்டு தலையணை. தரையில் இரண்டு கப், ஒன்றில் தேயிலைப் பை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நான் எதையும் தொடவில்லை. கதவைச் சாத்திவிட்டு ஹாலுக்கு வந்து உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

நான் பார்த்தது ஒரு மெத்தை, இரண்டு கப், அவ்வளவுதான். நான் தப்பாக நினைத்திருந்தால் என்னை மன்னித்துவிடு, இந்தக் கடிதத்தையும் அழித்துவிடு. ஆனால் தப்பாக நினைக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

கோபத்தில் எழுதவில்லை தம்பி. அன்று ராத்திரி முழுக்க எனக்கு வந்தது கோபம் இல்லை, வெட்கம். ஏனென்றால் இந்த விஷயத்தைப் பற்றி உனக்கு 29 வயது ஆகும்வரை நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்காவுக்கு எத்தனை தடவை பேசினோம்! பத்து மணிக்குள் வீட்டுக்கு வா, யாரோடு போகிறாய், அந்தப் பையன் யார், மானம், மரியாதை, சர்ச்சில் என்ன பேசுவார்கள். நீ இரண்டு மணிக்கு வந்தாலும் சாப்பிட்டாயா என்றுதான் கேட்டோம். பரிசுத்தம் என்பது பெண்பிள்ளை சுமக்க வேண்டியது, ஆம்பிளைப் பிள்ளைக்கு அதில் பங்கில்லை என்று வாயால் சொல்லவில்லை, நடந்து காட்டினோம். இது ஊரிலிருந்து வந்த பழக்கம். வேதத்தில் அப்படி இல்லை. 'வேசித்தனத்திற்கு விலகியோடுங்கள்' என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியபோது அவர் கண்முன்னே இருந்தது வேசியிடம் போய்வந்துகொண்டிருந்த ஆண்கள்தான், அந்த ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பார், தெரியும்.

சண்டே ஸ்கூலில் ஆதியாகமம் 39 சொல்லிக்கொடுப்போம், எஜமானின் மனைவி பிடித்து இழுத்தபோது யோசேப்பு தன் வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினது. அதற்கு முந்தின அதிகாரத்தைத் தாண்டிப் போய்விடுவோம். 38ல் யோசேப்பின் அண்ணன் யூதா, வழியில் முக்காடிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் போகிறான், அவள் தன் மருமகள் தாமார் என்று தெரியாமல். முத்திரை மோதிரத்தையும் கைக்கோலையும் அடகாகக் கொடுத்துவிட்டு வருகிறான். மூன்று மாதம் கழித்து அவள் கர்ப்பம் என்று கேள்விப்பட்டதும் 'அவளை வெளியே கொண்டுவாருங்கள், சுட்டெரிக்கப்படவேண்டும்' என்கிறான், தானும் அதே காரியத்தைச் செய்தவன் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. அவள் அந்த மோதிரத்தைக் காட்டினபிறகுதான் 'என்னிலும் அவள் நீதியுள்ளவள்' என்று அவன் வாயிலிருந்து வருகிறது. நான் பல வருஷம் சண்டே ஸ்கூல் எடுத்திருக்கிறேன், அந்த அதிகாரத்தை ஒருதடவைகூட எடுத்ததில்லை. எனக்கு அதில் காரணம் இருந்தது. அதை இப்போது சொல்கிறேன்.

1986ல் நான் என்எஸ், அதாவது கட்டாய ராணுவ சேவை, முடித்தேன். கூட்டாளிகள் ஐந்து பேர், முதல் சம்பளம் வந்த வாரம், கேலாங்கில் வேசிகள் இருக்கிற தெருவுக்குப் போனோம். இரண்டு தடவை. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது போகவில்லை, ஆனால் அதை நான் பெருமையாகச் சொல்ல முடியாது, பயந்துதான் போகவில்லை. அடுத்த ஞாயிறு சின்னப் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தேன். ஐந்து வருஷம் அப்படியே ஓடியது. ஒருவருக்கும் தெரியாது.

1991ல் அம்மாவை நிச்சயம் செய்தார்கள். அவள் தமிழ்நாட்டு நாசரேத்தில் நர்ஸ், நான் இங்கே. போட்டோ பார்த்தது, ஒருதடவை போய் நேரில் பார்த்தது, மற்றதெல்லாம் கடிதம்தான். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏரோகிராமில் எழுதினேன், எல்லாவற்றையும், எந்த வருஷம், எத்தனை தடவை, 'உனக்கு வேண்டாம் என்றால் நான் வேறு காரணம் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன், உன் பெயர் கெடாது' என்று. நீல நிறத்தாள், மூன்று பக்கமும் பசை தடவி மடித்து போட்டபிறகு கை நடுங்கியது. பத்து நாளில் போய்ச் சேரும். பதில் வரவில்லை. இரண்டு வாரம், மூன்று வாரம். இடையில் உன் பெரிய மாமா போன் போட்டு 'முதல் ஓலை வாசித்தாச்சு மாப்பிள்ளை' என்றார். அங்கே சர்ச்சில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் தெரியப்படுத்துங்கள் என்று. அவள் சபையில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறாள், என் கடிதம் அவள் கையில் இருக்கிறது, எழுந்து நிற்கவில்லை. ஆனால் எனக்கு எழுதவும் இல்லை.

26வது நாள் பதில் வந்தது. ஆறே வரி. 'நீங்கள் எழுதியதை வாசித்தேன். இதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. இனிமேல் என்னிடம் மறைப்பது எதுவும் இருக்கக்கூடாது. ரத்தப் பரிசோதனை செய்து ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள்.' அப்புறம் மழை பெய்கிறது, அப்பாவுக்கு இருமல் என்று இரண்டு வரி. எய்ட்ஸ் என்றாலே ஜனங்கள் நடுங்கிய காலம் அது, அவள் நர்ஸ், அவளுக்குத் தெரியும் என்ன கேட்க வேண்டும் என்று.

கிளினிக்கில் ரிசல்ட்டுக்காக உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த ஒரே ஜெபம் 51ம் சங்கீதம். 'தேவனே, சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்.' பழையதைச் சரிசெய்யும் என்று தாவீது கேட்கவில்லை, சிருஷ்டியும் என்கிறான், இல்லாததை உண்டாக்கச் சொல்கிறான். பத்சேபாளோடு பாவம் செய்தபிறகு, அவள் புருஷன் உரியாவைக் கொன்றபிறகு, அப்படிக் கேட்க அவனுக்குத் தைரியம் வந்தது. நம் வீடுகளில் பரிசுத்தத்தைப் பற்றிப் பேசினால் கண்ணாடிக் கிளாஸ் மாதிரி பேசுவோம், விழுந்தால் போச்சு என்று. அது உண்மை என்றால் நான் அன்றைக்கே முடிந்துபோனவன். தேவன் எனக்குப் புதிதாகக் கொடுத்தார், அம்மா அதை நம்பினாள், 34 வருஷம் ஆகிறது. ஆனால் ஒன்று, அந்த 26 நாளை நான் இன்னும் மறக்கவில்லை. மன்னிப்பு வாங்கினவனுக்கும் அந்தக் காத்திருப்பு இருந்தது. அது உனக்கு வேண்டாம்.

நீங்கள் கேலாங் போனது மாதிரி இது இல்லையே அப்பா என்று உனக்குத் தோன்றும். சரி, இல்லைதான். நீ நேசிக்கிற பெண், நிச்சயமான பெண், 2020ல் சேர்ந்து பிடிஓ, அதாவது இனிமேல் கட்டப்போகிற அரசாங்க வீட்டுக்கு மனு, போட்டு ஐந்து வருஷம் காத்திருந்தீர்கள், சிபிஎஃப் சேமநிதிப் பணம் இரண்டு பேருடையதும் அந்தச் சுவரில் இருக்கிறது, கடன் தாளில் 25 வருஷத்துக்கு இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இதற்கு மேல் என்ன உறுதி என்று கேட்பாய். எனக்கும் அந்தக் கேள்வி புரிகிறது. ஆனால் கடன் தாளில் நீ கொடுத்த வாக்கு வீடு கொடுத்த எச்டிபி கழகத்துக்குக் கொடுத்த வாக்கு, அவளுக்குக் கொடுத்தது இல்லை. எச்டிபியே சாவி கொடுத்த மூன்று மாதத்துக்குள் திருமணச் சான்றிதழைக் கொண்டுவா என்றுதான் கேட்கிறது, வீட்டுக் கையெழுத்தும் கல்யாணமும் ஒன்றில்லை என்று அவர்களுக்கும் தெரியும். 'வியாதியிலும் சுகத்திலும், மரணம் நம்மைப் பிரிக்கும்வரை' என்று அவள் முகத்தைப் பார்த்து, சாட்சிகள் கேட்க, நீ இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் அவள் தன்னை முழுக்க உன் கையில் கொடுத்துவிட்டால், அவள் எந்த வார்த்தையை நம்பிக் கொடுக்கிறாள்? நீ நல்லவன் என்பதை நம்பி. அது போதாது தம்பி, நான் ஆண், எனக்குத் தெரியும்.

அதே கொரிந்தியர் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில் பவுல் எழுதியதைப் பார். மனைவியின் சரீரத்துக்குப் புருஷன் அதிகாரி என்று அந்தக் காலத்தில் யார் வேண்டுமானாலும் சொல்லியிருப்பார்கள். அடுத்த வரியில் 'அப்படியே புருஷனும் தன் சொந்த சரீரத்திற்கு அதிகாரியல்ல, மனைவியே அதற்கு அதிகாரி' என்கிறார். நீ தனியாக இருக்கும்போது போனில் எதைப் பார்க்கிறாய் என்பதும் இதில்தான் வருகிறது. அதைப் பற்றி நான் நீட்டி எழுதவில்லை, உனக்கே தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சபையில் இதை யாரும் சொல்வதில்லை. படுக்கை அசிங்கம் என்று நான் எழுதவில்லை. 'விவாகம் யாவருக்குள்ளும் கனமுள்ளதாயும் விவாகமஞ்சம் அசுசிப்படாததாயுமிருப்பதாக' என்று எபிரெயர் 13ல் இருக்கிறது, மஞ்சம் என்றே எழுதியிருக்கிறது, மறைக்கவில்லை. உபாகமம் 24ல் புதிதாகக் கல்யாணம் பண்ணினவன் யுத்தத்துக்குப் போக வேண்டாம், ஒரு வருஷம் வீட்டில் இருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்தட்டும் என்று தேவன் சட்டமே போட்டிருக்கிறார். அவ்வளவு நல்லது என்று நினைக்கிறவர்தான் அதற்கு ஒரு வாசல் வைத்திருக்கிறார், நீ ஜன்னல் வழியாக நுழைய வேண்டாம் என்கிறேன். யாக்கோபு ராகேலுக்காக ஏழு வருஷம் வேலை செய்தான், 'அவள்பேரில் இருந்த பிரியத்தினாலே அந்த வருஷங்கள் அவனுக்குக் கொஞ்சநாளாகத் தோன்றினது' என்று இருக்கிறது. நீங்கள் ஐந்து வருஷம் இருந்துவிட்டீர்கள்.

இப்போது எங்கள் பக்கத்துத் தப்பைச் சொல்கிறேன். உங்கள் கல்யாணத்தை டிசம்பருக்குத் தள்ளியது யார்? நானும் அம்மாவும். பெரிய ஹோட்டல் ஹால் டிசம்பரில்தான் கிடைத்தது, நாசரேத்திலிருந்து மாமா குடும்பம் லீவில் வரட்டும், 400 பேருக்கு விருந்து வைக்காவிட்டால் என்ன சொல்வார்கள், நகை இன்னும் முடியவில்லை. வீட்டுக்காக ஆகஸ்டில் ஆர்ஓஎம், அதாவது சட்டப்படி பதிவுத் திருமணம், மட்டும் முடித்துவிட்டு, டிசம்பரில் சர்ச். அதற்குள் சாவி மே மாதமே கைக்கு வந்துவிட்டது. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள், கையில் வீட்டுச் சாவி, ஏழு மாதம் பொறுத்திரு என்று சொல்கிறோம், எதற்காக? விருந்துக்காக. 'வேகிறதைப்பார்க்கிலும் விவாகம்பண்ணுகிறது நலம்' என்று இச்சையில் வேகிறவர்களைப் பற்றிப் பவுல் எழுதினதை உங்களுக்குத்தான் வாசித்துக் காட்டுவோம், அது பெற்றோருக்கும் எழுதினது என்று இந்த வாரம்தான் எனக்கு உறைத்தது.

அதனால் நான் கேட்பது இதுதான். ஆர்ஓஎம் தனியாக, சர்ச் தனியாக வேண்டாம். ஆர்ஓஎம் வெறும் பேப்பர் என்று நம் பெரியவர்கள் சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் சம்மதமில்லை, சாட்சிகள் முன்னால் கொடுத்த வாக்கு வாக்குதான். ஆனால் அதை இரண்டாகப் பிரித்து, நடுவில் நாம் புருஷன் மனைவியா இல்லையா என்று உங்களுக்கே புரியாத நாலு மாதத்தை ஏன் வைக்க வேண்டும்? நம் பாஸ்டருக்குச் சட்டப்படி திருமணம் நடத்திவைக்கும் உரிமம் இருக்கிறது. அறிவிப்பு கொடுத்து 21 நாள் போனால் போதும். நீ திரும்பி வந்ததும் சர்ச்சிலேயே, ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு குடும்பம், நெருங்கின ஒரு 40 பேர், ஆராதனை முடிந்து பிரியாணி. டிசம்பர் விருந்து டிசம்பரிலேயே இருக்கட்டும், மாமா வரட்டும். அம்மா அழுவாள். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன், இந்த ஹால் விஷயத்தில் அவளிடம் நான் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

அதுவரை அந்த ரூமைப் பூட்டிவை. அவளோடு உட்கார்ந்து பேசு, என்னைப் பற்றிச் சொல்வதானாலும் சொல், எனக்கு ஆட்சேபம் இல்லை. அவள் கேட்டால் என் மேல் வருத்தம் வேண்டாம் என்று சொல்லு, அவளைப் பற்றி ஒரு தப்பான எண்ணமும் எனக்கு இல்லை, மருமகளாக வரப்போகிற பிள்ளை என்ற எண்ணம்தான். இரண்டு பேரும் சேர்ந்து ஜெபம் பண்ணுங்கள். பாஸ்டரைப் பார்க்க வேண்டுமானால் நீயே போ, நான் அவரிடம் தேதி மட்டும் கேட்கிறேன், வேறொன்றும் சொல்ல மாட்டேன்.

அம்மாவிடம் மெத்தையைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்பது உன் முடிவு. நான் எழுதினதை அவளிடம் சொல்லிவிடுவேன், உன் விஷயத்தை இல்லை, என் விஷயத்தை உனக்குச் சொல்லிவிட்டேன் என்பதை. அவளிடம் மறைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

டைல்ஸ்காரர் வெள்ளிக்கிழமை மறுபடியும் வருகிறார். குளியலறைக்கு வெள்ளையா சாம்பலா என்று கேட்டார், அவளிடம் கேட்டு எனக்கு எழுது. நீலப் போர்வையை அம்மா தேடிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்
அப்பா