டூப்ளெக்ஸ் வேண்டாம், ரெண்டு போர்ஷன் பார்

அன்புள்ள தம்பிக்கு,

சேலையூர் பக்கம் ஒரு வீட்டு விளம்பரம் அனுப்பியிருந்தாயே, பார்த்தேன். விலை ஒரு கோடியே பத்து லட்சம். "கீழே நாங்க, மேலே வாடகைக்கு. பாதி இஎம்ஐ அதுலயே வந்துடும்க்கா" என்று குரல் செய்தியில் சொல்லியிருந்தாய். பின்னாலிருந்து உன் பெண்டாட்டி "பாதி இல்ல, கால்வாசி" என்று திருத்தியதும் காதில் விழுந்தது. அவள் கணக்குதான் சரி.

கணக்குக்கு முன்னால் ஒரு வார்த்தை. விளம்பரத்தில் டூப்ளெக்ஸ் என்று போட்டிருக்கிறார்கள். நம் ஊர் புரோக்கர்கள் வாயில் டூப்ளெக்ஸ் என்றால், ஹாலுக்குள்ளேயே படிக்கட்டு வைத்து இரண்டு தளத்தையும் ஒரே குடும்பம் ஆளுகிற வீடு. அதை வாங்கி மேலே ஒருவரைக் குடிவைத்தால், அவர் இரவு பதினோரு மணிக்கு உன் சோபாவைத் தாண்டித்தான் மாடி ஏறுவார். உனக்கு வேண்டியது வெளிப்படிக்கட்டு வைத்த ரெண்டு போர்ஷன் வீடு. படத்தில் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நேரில் போனதும் முதலில் அதைப் பார்.

சரி, கணக்கு. எழுபது லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, இருபது வருடம் என்று வைத்தால் மாதத் தவணை கிட்டத்தட்ட 60,700 ரூபாய். அந்தப் பக்கம் மேல் போர்ஷனுக்கு நீ எதிர்பார்க்கிற வாடகை 16,000. கையிலிருந்து போட வேண்டியது நாற்பது லட்சம் மட்டும் என்றும் நினைத்துவிடாதே. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9,90,000 ரூபாய் தனி. வீட்டின் மதிப்பைக் கணக்கிடும்போது வங்கி இதைச் சேர்ப்பதில்லை. ஐம்பது லட்சத்துக்கு மேலான வீடு என்பதால் விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித்துறைக்கு நீதான் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் பிடித்தம் பல மடங்கு ஆகும், ஆடிட்டரைக் கேட்காமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதே. பத்திரத்திலும் கடனிலும் உங்கள் இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும். வாடகை வருமானத்தில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று கழிவு உண்டு, செலவுக்கு ரசீது காட்ட வேண்டியதில்லை.

வில்லங்கம், மூலப் பத்திரம், பட்டா எல்லாம் வக்கீல் பார்த்துவிடுவார். நீ கேட்க வேண்டியது வேறு: மாடிக்கு பிளான் அப்ரூவல் இருக்கிறதா? கீழ்த்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கிக் கட்டிவிட்டு, பெண் கல்யாணத்துக்கு முன்னால் சத்தமில்லாமல் மேலே ஒரு தளம் எழுப்பிய வீடுகள் புறநகரில் ஏராளம். வாடகை வரும் என்று நீ நம்புகிற அந்தத் தளத்தைத்தான் வங்கி மதிப்பீட்டாளர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம் ஈபி. 2013இல் நாங்கள் முடிச்சூர் வீட்டை வாங்கும்போது ஒரே இணைப்புதான் இருந்தது, மேலே குடித்தனக்காரர் எவ்வளவு ஓட்டினார் என்று அளக்க ஒரு சப் மீட்டர். அது போதும் என்று அத்தான் சொன்னார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டில் பஞ்சாயத்து. 2016இல் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வந்தபோது, மேலே இருந்தவர் "எங்க நூறு எங்கே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் ஓட்டினால் சுலபமாக 500 யூனிட்டைத் தாண்டிவிடும், தாண்டினால் கீழ்ப்படியில் இருக்கிற சில யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறும். தனித்தனி இணைப்பு வாங்கிய பிறகுதான் அவர் படிக்கட்டில் என்னைப் பார்த்துச் சிரித்தார். நீ பார்க்கிற வீட்டில் எத்தனை ஈபி கார்டு இருக்கிறது என்று கேள். மோட்டாரும் மேல்தொட்டியும் பொது என்றால், மோட்டார் எந்த மீட்டரில் ஓடுகிறது என்பதையும் கேள்.

பத்து மாத அட்வான்ஸ் வாங்கி அதில் கிச்சனைப் புதுப்பிக்கலாம் என்று ஒரு யோசனை சொன்னாயே, அதை விட்டுவிடு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசி எழுதிக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. பழைய பழக்கத்தில் பலர் இன்னும் வாங்குகிறார்கள் என்பது வேறு. 11 மாத ஒப்பந்தம் போட்டால் எதையும் பதிய வேண்டாம் என்று புரோக்கர் சொல்வார். வாடகை ஆணையத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும் என்கிறது சட்டம். அதற்கும் 11 மாதத்துக்கும் சம்பந்தமில்லை.

யார் கீழே, யார் மேலே என்பதை மட்டும் நீங்கள் இருவரும் இன்னும் பேசவில்லை என்று தெரிகிறது. கீழே இருந்தால் அம்மாவின் முழங்காலுக்கு நல்லது, வாசலில் நாலு செடி வைக்கலாம். ஆனால் மேல் பாத்ரூம் கசிந்தால் உன் ஹால் கூரைதான் பூக்கும். நாங்கள் இரண்டு முறை வெள்ளையடித்தோம். மேலே இருந்தால் மொட்டைமாடி உனக்கு, மே மாத வெக்கையும் உனக்கு. மழையை யாரும் யோசிப்பதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு எங்கள் தெருவுக்கு வந்தபோது, வீட்டுக்காரர்களான நாங்கள் குழந்தையையும் பத்திரப் பையையும் தூக்கிக்கொண்டு குடித்தனக்காரர் கதவைத் தட்டினோம். நாலு நாள் அவர்கள் சமையல்தான். அதற்குப் பிறகு இரண்டு வருடம் வாடகையை உயர்த்த எனக்கு வாய் வரவில்லை. அத்தான் இன்றைக்கும் அதைச் சொல்லிக் கிண்டல் செய்கிறார்.

அதனால் அந்தத் தெருவில் 2015லும் 2023லும் தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று விற்பவரிடம் கேட்காதே, எதிர் மளிகைக்கடையில் கேள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் வருகிறேன். மாடித் தொட்டிவரை ஏறிப் பார்க்க வேண்டும், வெயிலுக்கு முன்னால் போய்விடலாம். அவளையும் கூட்டிக்கொண்டு வா. விலை பேசும்போது நீ சும்மா இரு, அவள் பேசட்டும்.

அன்புடன்,
அக்கா