எங்கள் தெருவுக்கும், காயலான் கடை அண்ணனுக்கும்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

பையன் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டான். இரண்டு கையிலும் கட்டு இருப்பதால் ரசம் சோறு நான்தான் ஊட்டினேன். பதினைந்து வயசுக்காரனுக்கு வெட்கமாக இருந்தது போல, சுவரைப் பார்த்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். பழைய மைக்ரோவேவ் ஓவன் டிரான்ஸ்பார்மரை வைத்து, பலகையில் கரண்ட்டால் கரித்து மின்னல் கோலம் போடப்போய், அன்றைக்கு மொட்டை மாடியில் அவனைக் கரண்ட் அடித்துவிட்டது. அதை நான் விவரமாகச் சொல்லத் தேவையில்லை, தெருவே அங்கேதான் நின்றது. சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை.

மாடி வீட்டு மீன்கார அக்கா என் கொண்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளாமல் இருந்திருந்தால், மறுநாள் இந்த வீட்டில் இரண்டு பேருக்குப் பால் ஊற்றியிருப்பார்கள். பிள்ளையைத் தொட ஓடினேன், அவள் விடவில்லை. "தொடாதடீ" என்று கத்திக்கொண்டே கீழே ஓடி மெயினை அணைத்தவள் அவள்தான். அந்த நேரத்தில் அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதே அக்கா.

தெருமுனையில் கேரம் ஆடும் பசங்களை வெட்டிப் பசங்க என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அவர்களில் ஒருவன் 108 வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தான், அவன் களைத்ததும் இன்னொருவன் மாறிக்கொண்டான். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும், நெஞ்சு 2 அங்குலம் இறங்க வேண்டும் என்று காலேஜ் முகாமில் சொல்லிக் கொடுத்தார்களாம். தம்பிகளா, இனி கேரம் போர்டுக்கு பவுடர் என் செலவு.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி டாக்டர்கள், 108 ஊழியர்கள், மணிக்கொரு தரம் சிறுநீர் என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டே இருந்த நர்ஸம்மா. வெளியே தெரிவது சின்னப் புண்தான், உள்ளே சதை வெந்திருந்தால் அந்தக் கழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதற்குத்தான் கேட்கிறேன் என்று அந்தம்மா சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. கஞ்சி கொண்டுவந்தவர்கள், சர்ச்சிலும் தர்காவிலும் அம்மன் கோயிலிலும் வேண்டிக்கொண்டவர்கள், தைக்கக் கொடுத்த ரவிக்கையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காதவர்கள், எல்லாருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. பேர் விட்டுப்போனால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னும் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் செய்தது தெருவில் பல பேருக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள் துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தேன். வாசலில் காயலான் கடை அண்ணன் நின்றார். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து மூன்று 100 ரூபாய் நோட்டை எடுத்துப் படிக்கட்டில் வைத்தார்.

"அந்த டிரான்ஸ்பார்மர நாந்தாம்மா குட்த்தேன். முந்நூறு ரூபா வாங்கிக்கினேன். ஸ்கூல் பிராஜெக்ட்டுன்னான். எதுக்குடான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்கல."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ! இத்தனை நாள் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் இருந்தவளுக்கு ஆள் கிடைத்துவிட்டது. வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நான் மூச்சு வாங்கி நிறுத்தியபோதுதான் உறைத்தது. இவர் வரவே வேண்டியதில்லையே? பில்லா, சீட்டா, ஒன்றும் கிடையாது. ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டபோதுகூட என் பிள்ளை "கிடைச்சுது" என்றுதான் சொன்னான், கடையைச் சொல்லவில்லை. பேசாமல் இருந்திருந்தால் சாகும்வரை எனக்குத் தெரிந்திருக்காது.

அப்புறம் வலது கை ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். நுனி வெளுத்து, மரத்துப் போயிருந்தது. பல வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு மைக்ரோவேவ் ஓவனைப் பிரித்தபோது ஆனதாம். "ஒயர புடுங்கிட்டுதாம்மா கை வெச்சேன். உள்ள கப்பாசிட்டர்ல கரண்ட்டு உக்காந்துக்கினு இருந்துது." அவருக்குத் தெரிந்த அந்த ஆபத்தை என் பிள்ளையிடம் சொல்லாமல் விட்டதுதான் அவரைத் தூங்க விடவில்லை. வீட்டில் வருவது 230 வோல்ட், டிரான்ஸ்பார்மர் என்கிற அந்த இரும்புக் கட்டியின் மறுபக்கம் வெளியே வருவது 2000 வோல்ட்டுக்குப் பக்கம். இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது.

மறுநாள் ஒரு வயர்மேனைக் கூட்டிவந்தார், கூலியையும் அவரே கொடுத்தார். பார்த்தால், எங்கள் வீட்டு மூன்று ஓட்டை பிளக் எதிலும் எர்த் கம்பியே இல்லை! இத்தனை வருஷம் இப்படித்தான் கிரைண்டர் ஓட்டியிருக்கிறேன். கரண்ட் மிஞ்சினால் தானாக அணையும் எம்.சி.பி. சுவிட்ச் இருக்கிறதே என்று கேட்டேன். அது ஒயர் எரியாமல் இருக்க, மனுஷனுக்கு இல்லை என்றார் வயர்மேன். எர்த் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணைந்துவிடும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மாட்டினார். அப்பாடா, இனிப் பயமில்லை என்றேன். "அந்த டிரான்ஸ்பார்மர் விஷயத்துல இதையும் நம்பாதீங்க. மறுபக்கத்துல ஒருத்தர் மாட்டினா இதுக்குத் தெரியவே தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடையில் மிச்சமிருந்த நான்கு டிரான்ஸ்பார்மரின் கம்பியையும் அண்ணன் உளி வைத்து வெட்டிவிட்டார் என்று கேரம் பசங்கள் சொன்னார்கள். முழுசாக விற்றால் வரும் விலை வேறு, வெட்டினால் வெறும் எடைக் காசு. இன்னொன்றும் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் நாங்கள் இருந்த நாளெல்லாம் சாயங்காலம் ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்து, "கரண்ட்டு அடிச்ச புள்ள எப்டிக்கீது" என்று இவர்களிடம் கேட்டுவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போயிருக்கிறார்.

அவரைத் திட்டியதை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் அவனை ஏற்றிவிட்டது யார்? மிக்ஸி ரிப்பேர் பண்ணுவான், அயர்ன் பாக்ஸ் ரிப்பேர் பண்ணுவான், எலக்ட்ரீஷியனுக்குக் காசே கொடுப்பதில்லை என்று குழாயடியில் பெருமையடித்தவள் நான். வீடியோவில் பார்த்து, பலகையில் மின்னல் கோலம் போடப்போகிறேன் என்று அவன் சொன்னபோது, கரி சுவரில் படாமல் பார்த்துக்கோ என்று மட்டும் சொன்னவளும் நான்தான். அமெரிக்காவில் மரம் கடைபவர்களின் சங்கமே தங்கள் நிகழ்ச்சிகளில் இந்த வேலையைச் செய்யக் கூடாது என்று தடை போட்டிருக்கிறதாம், பார்க்க வந்த சயின்ஸ் வாத்தியார் சொன்னார். மரத்தோடு பிறந்து வளர்ந்தவர்களே பயப்படுவதை நான் மாடியில் விட்டுவிட்டு மாவு சலித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பலகை இன்னும் மாடியில் கிடக்கிறது. பாதிக் கோலம் விழுந்திருக்கிறது, கிளை விட்ட மரம் மாதிரி. அழகாகத்தான் இருக்கிறது, அதுதான் எரிச்சல். எரிக்கவும் மனசு வரவில்லை, வீட்டுக்குள் கொண்டுவரவும் மனசு வரவில்லை.

அவனுடைய ஸ்குரூ டிரைவர், சால்டரிங் கம்பி எல்லாவற்றையும் தூக்கிப் போடப் போனேன். அண்ணன்தான் தடுத்தார். "அத்தப் புடுங்காதம்மா. பிளக்குல சொருவுறத மட்டும் பெரியவங்க இல்லாம தொடக் கூடாதுன்னு சொல்லு. பேட்டரில எது வேணா பண்ணட்டும்." சரி என்றேன். மனசார இல்லை, பார்க்கலாம்.

அந்த 300 ரூபாய் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. கட்டுப் பிரித்ததும் பையனே கொண்டுபோய்க் கொடுக்கட்டும் என்று வைத்திருக்கிறேன். அண்ணன் வாங்கமாட்டார். பரவாயில்லை, முனைக்கடையில் அவருக்கு ஒரு டீயாவது வாங்கிக் கொடுத்துவிட்டு வரட்டும்.