பிரிட்ஜுக்கு மேல் கிடக்கும் கடிதம்

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்நேரம்.

அன்புள்ள தம்பிக்கு,

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைத் தொடங்கினாலும் நீ "ம்ம், ம்ம்" என்பாய், பின்னால் ரோட்டு இரைச்சல் கேட்கும், பேத்தி போனைப் பறிப்பாள், அதோடு கதை முடிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். கொட்டாஞ்சேனை மாமி புதன்கிழமை ரொறன்ரோவுக்கு வருகிறா. அவவிடம் மிளகாய்த்தூளும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தை முதலில் வாசி. தூள் எங்கும் ஓடிப்போகாது.

ஒரு விஷயத்தை நானும் அப்பாவும் உனக்கு மறைத்துவிட்டோம். கடந்த ஏழு மாதமாக எங்கள் காரில் நான் பின் சீட்டில்தான் இருந்தேன்.

சண்டை ஒன்றும் இல்லை. மயூரபதி அம்மன் கோயில் வாசலில் ஒரு அம்மா, நான் பின் கதவால் இறங்குவதை மூன்று வெள்ளி பார்த்துவிட்டு, நாலாவது வெள்ளி கையைப் பிடித்து, "இந்த வயதில் என்ன கோபம், விட்டுக்கொடுங்கோ" என்றா. நான் சிரித்துச் சமாளித்தேன். அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "காலி வீதி முழுக்க என்னை வாடகைக் கார் டிரைவர் என்று நினைக்கிறது" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொல்வார். ஒரு நாள் சிக்னலில் நின்றபோது ஒருவர் கண்ணாடியில் தட்டி "தெஹிவளை போகுமா?" என்று கேட்டே விட்டார். அன்று இரவு அப்பா சாப்பாட்டில் ஒரு சொல்லும் பேசவில்லை.

நடந்தது இதுதான். ரொறன்ரோவிலிருந்து நாங்கள் திரும்பி வந்து இரண்டு மாதம் இருக்கும். மேல் மாடியில் இருக்கும் பெடியன் பழைய கார் ஒன்று வாங்க யோசித்தான். எங்களுடைய கார் போலவே, யப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்தது. வாங்குவதற்கு முன், காரின் உடம்பில் பொறித்திருக்கிற செசி இலக்கத்தை அந்த யப்பான் கம்பனியின் இணையப் பக்கத்தில் போட்டுப் பார்ப்பானாம். வந்த கையோடு எங்கள் இலக்கத்தையும் கேட்டு வாங்கிப் போட்டான். யப்பான் எழுத்தில் ஒரு வரி வந்தது. மொழிபெயர்த்தால், பயணி பக்கத்து எயார்பேக்கின், அதாவது மோதினால் விரியும் காற்றுப் பையின், இன்ஃபிளேட்டர் மாற்ற வேண்டியது, இன்னும் மாற்றப்படவில்லை என்று இருந்தது. ரீகோல், அதாவது பழுதை மாற்றக் கம்பனியே கார்களைத் திருப்பி அழைப்பது, அறிவித்துப் பல வருடம் ஆகிவிட்டது. அவ்வளவு காலமும் நான் அந்தப் பைக்கு முன்னால் மடியில் கீரைக் கட்டோடு உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களுக்கு ஏன் ஒருவரும் அறிவிக்கவில்லை என்று அப்பா குதித்தார். அறிவிக்க அவர்களுக்கு எங்களைத் தெரிந்தால்தானே. 2008இல் செய்த கார் அது, மூன்று வருடத்தில் கப்பலேறி இங்கே வந்தது, நாங்கள் மூன்றாவது கை. கடிதம் போயிருந்தால் யப்பானில் முதல் சொந்தக்காரரின் வீட்டுக்குத்தான் போயிருக்கும். அவர் அந்தக் காரை விற்றதையே மறந்திருப்பார். இன்னொன்று, யப்பான் உள்ளூர்ச் சந்தைக்கென்று செய்த காருக்கு உன் காருக்கு இருப்பது போல 17 எழுத்து இலக்கம் கிடையாது. சில எழுத்து, ஒரு கோடு, பிறகு எண்கள், அவ்வளவுதான். அதை அமெரிக்கப் பக்கங்களில் போட்டால் இப்படி ஒரு காரே உலகத்தில் இல்லை என்கிற மாதிரிப் பதில் வருகிறது.

வேறு கார் வாங்குவோம் என்று நீ சொல்லுவாய் என்று தெரிந்துதான் சொல்லவில்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். இப்போது இங்கே கார் விலையைக் கேட்டால் காணி விலை கேட்ட மாதிரி இருக்கிறது. அதனால்தான் கொழும்பில் பழைய கார்கள் எல்லாம் பெட்டியில் மடித்து வைத்த கூறைச் சேலை மாதிரிப் பத்திரமாக ஓடுகின்றன. 2022இல் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோலுக்கு கியூஆர் கோட்டைக் காட்டிக்கொண்டு நின்ற காலத்திலும் இந்தக் கார் எங்களைக் கைவிடவில்லை. அப்பாவுக்கு அதன்மேல் ஒரு பற்று.

அந்தப் பை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. 31 வருடம் இரசாயனவியல் படிப்பித்தவள் வேறு என்ன செய்வாள். கார் மோதியதும் சென்சர் ஒன்று சைகை கொடுக்கும். பைக்குப் பின்னால் இருக்கிற உலோகக் குப்பிக்குள், அதுதான் அந்த இன்ஃபிளேட்டர், வில்லை வில்லையாக மருந்து. அது எரிந்து வரும் வாயு பையை நிரப்பும். எல்லாம் ஏறத்தாழ 0.03 விநாடியில், கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. முன்பு அந்த மருந்து சோடியம் ஏசைட்டு. டகாட்டா என்ற யப்பான் கம்பனி 2000ஆம் ஆண்டளவில் அமோனியம் நைத்திரேற்றுக்கு மாறியது, அது மலிவு. வயலுக்கு உரமாகப் போடுவதும் கற்சுரங்கத்தில் பாறை வெடிக்க வைப்பதும் அதைத்தான். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு பை உரம் கொண்டுபோகவே ஆயிரம் தடை. உன் அப்பப்பாவின் மிளகாய்த் தோட்டம் வெளிறிப்போய் நின்றதை நீ பார்த்ததில்லை, நீ அப்போது கைக்குழந்தை. அந்தச் சாமான் ஒரு காலம் எங்கள் முழங்காலுக்கு முன்னால் வந்து இருக்கும் என்று யார் நினைத்தது.

அமோனியம் நைத்திரேற்று 32 பாகை செல்சியசு அளவில் பளிங்கு வடிவத்தை மாற்றிக்கொள்ளும் உப்பு. வேறு சேர்மானம் போட்டு அந்தக் குணத்தை அடக்கித்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் ஈரத்தை அடக்கவில்லை. ஈரம் உறிஞ்சும் பொருளும் பெரும்பாலானவற்றுக்குள் வைக்கவில்லை. எங்கள் குசினியில் உப்புப் போத்தல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், கடற்காற்றில் ஒரு கிழமையில் கட்டிபட்டுவிடும். வெயிலில் நின்று காய்ந்து, இரவில் குளிர்ந்து, ஈரம் உள்ளே போய், இப்படிப் பத்துப் பதினைந்து வருடம் போனால் அந்த வில்லைகள் நுண்துளை விழுந்து பொருபொருவென்று ஆகிவிடும். அப்புறம் எரியாது, வெடிக்கும். குப்பி சிதறி, பையைக் கிழித்துக்கொண்டு உலோகத் துண்டு முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். பெரிய விபத்தாக இருக்க வேண்டியதுகூட இல்லை, பை விரிகிற அளவுக்கு ஒரு இடி போதும்.

அமெரிக்காவில் இந்தக் குப்பிகளை எங்கே முன்னுரிமை கொடுத்து மாற்றினார்கள் தெரியுமா? புளோரிடா, ஹவாய், புவேர்ட்டோ ரிக்கோ. எல்லாம் எங்களைப் போல வெக்கையும் ஈரமும் உள்ள இடம். மலேசியாவிலும் பலர் செத்திருக்கிறார்கள். ஹொண்டா 2008 நவம்பரில் முதன்முதலாகத் திருப்பி அழைத்தது ஏறத்தாழ 4,000 கார். பிறகு அது அமெரிக்காவில் மட்டும் 6 கோடி 70 இலட்சம் குப்பியாக வளர்ந்தது. பரிசோதனை முடிவுகளை மறைத்ததற்காக டகாட்டா 2017 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 100 கோடி டொலர் கட்டச் சம்மதித்தது, அதே ஜூனில் வங்குரோத்து. யப்பானிலோ 2018 மே மாதத்திலிருந்து, ஆபத்துக் கூடின குப்பியை மாற்றாத காருக்குப் பரிசோதனைச் சான்றிதழே கொடுப்பதில்லை. இங்கே புகைப் பரிசோதனையில் புகையைத்தான் பார்க்கிறார்கள்.

எங்கள் காரும் இந்த மாதிரி நீண்ட பட்டியல் ஒன்றில்தான் இருந்தது. அப்பா முதலில் கராஜ் பாஸிடம் போனார். அந்த மனிதர் நல்லவர், ஆனால் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு வழி உண்டு. பஞ்சிகாவத்தைப் பழைய கார்ச் சாமான் கடைகளில் கழற்றிய பை ஒன்று எடுக்கலாம் என்றார். இல்லாவிட்டால் வயரைக் கழற்றிவிட்டு, டேஷ்போர்டில் லைட் எரியாத மாதிரிச் செய்து தரலாம் என்றார். அப்பா தலையாட்டிக்கொண்டு வந்து என்னிடம் சொன்னார். கழற்றிய பை எந்தக் காரில் இருந்து வந்தது, அதுவும் இதே பட்டியலில் இல்லை என்று யார் சொல்வது என்று கேட்டேன். அந்த லைட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மருந்து பழுதாகிவிட்டது என்று அது காட்டாது. வயர்ச் சுற்றில் பிழை இருந்தால்தான் எரியும். எங்கள் காரில் அது ஒரு நாளும் எரிந்ததில்லை.

பிறகு அந்தக் காரின் முகவர்களிடம் போனோம். பெயர் வேண்டாம். "இது நாங்கள் இறக்கின வாகனம் இல்லையே" என்று தொடங்கினார்கள். பிறகு இலக்கத்தை எழுதி எடுத்தார்கள். சாமான் வரவேண்டும், வந்தால் கூப்பிடுவோம் என்றார்கள். கூப்பிடவில்லை. அப்பா கிழமைக்கு ஒரு தடவை எடுப்பார். ஒவ்வொரு முறையும் வேறு ஒரு பிள்ளை பேசும், ஒவ்வொரு முறையும் செசி இலக்கத்தை முதலில் இருந்து சொல்ல வேண்டும். அப்பாவுக்கு இப்போது உன் பிறந்த திகதி மறந்தாலும் அந்த இலக்கம் மறக்காது. மூன்றாம் மாதம் ஒரு தம்பிதான், நல்லாயிருக்க வேண்டும் அவர், "அங்கிள், அதுவரைக்கும் முன் சீட்டில் ஒருவரையும் ஏற்றாதீங்கோ" என்று சொன்னார். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். நான் ஏற்கனவே பின்னால் போய்விட்டேன் என்பது வேறு கதை.

ஐந்தாம் மாதம் அப்பா நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு ஆங்கிலத்தில் மூன்று பக்க முறைப்பாடு எழுதினார். பழைய ஒடிட்டர் எழுத்து, பந்திக்குப் பந்தி இலக்கம் போட்டு. அதன் பிரதியை முகவர்களுக்கும் கொடுத்தார். அந்தக் கடிதம்தான் சாமானை இழுத்து வந்ததா, சாமான் தானாக வந்ததா தெரியாது. அப்பாவிடம் கேட்டால் கடிதம் என்பார்.

போன செவ்வாய் மாற்றினார்கள். ஒன்றரை மணித்தியாலம். காசு இல்லை, காரையும் கழுவித் தந்தார்கள். ஏழு மாதம் காத்திருந்தது ஒன்றரை மணித்தியால வேலைக்கு. நான் அங்கே இருந்த பொறியியலாளரிடம் ஒன்று கேட்டேன்: புதிதாகப் போடுவதும் பழைய சாதி மருந்துதானா? அப்பா வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்தார். ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான் அது. சாமான் தட்டுப்பாடான காலத்தில் சில நாடுகளில் அதே வகைக் குப்பியையே புதிதாகப் போட்டு அனுப்பி, சில வருடம் கழித்துத் திரும்பவும் கூப்பிட்டிருக்கிறார்கள். இது வேறு வகை, இனி வரத் தேவையில்லை என்று அவர் பில்லில் எழுதித் தந்தார். எழுதித் தாருங்கோ என்று கேட்டு வாங்கினேன்.

திரும்பி வரும்போது முன் சீட்டில் இருந்தேன். பம்பலப்பிட்டிச் சந்தி தாண்டும்போதுதான் உன் வீட்டு பிரிட்ஜ் ஞாபகம் வந்தது.

போன ஆடியில் நான் உன்னோடு நின்றபோது அதன் மேல் ஒரு உறை கிடந்தது. உறையிலேயே காரின் பாதுகாப்பு ரீகோல் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. இது என்ன என்று கேட்டேன். "கார்க்காரன் அனுப்புகிற குப்பை அம்மா" என்றாய். நானும் விட்டுவிட்டேன். அதன் மேல் முருங்கைக்காய்ப் பொதியை வைத்ததும் நான்தான், ஈரக் கறை இப்போதும் இருக்கும். நீ உடைக்கவே இல்லை, எயார்பேக்கா வேறு ஏதுமா என்று உனக்கே தெரியாது. யோசித்துப் பார். உன் காரும் இரண்டாம் கைதான். ஆனால் அவர்கள் உன் பெயரையும் புது விலாசத்தையும் தேடிப் பிடித்து எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு அப்படி ஒரு கடதாசி வந்திருந்தால் அப்பா அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்.

கூப்பிட்டேன், சாமான் இல்லை என்றார்கள் என்று சொல்வாய். சரி, திரும்பக் கூப்பிடு. யாரோடு கதைத்தாய், என்ன திகதி என்று எழுதி வை. அதுவரைக்கும் மாற்றுக் கார் தருவார்களா என்று கேள், அந்தப் பக்கத்தில் சில கம்பனிகள் கொடுத்திருக்கின்றன. எயார்பேக் என்று இருந்தால் எந்தப் பக்கத்துப் பை என்று பார். பயணி பக்கம் என்றால் மருமகள் பின் சீட்டில் பேத்தியோடு இருக்கட்டும். உன் பக்கம் என்றால் பஸ்ஸில் போ. குளிர் என்று சாட்டுச் சொல்லாதே.

உறையை உடைத்து, உள்ளே இருக்கிற பக்கத்தைப் படம் எடுத்து அப்பாவின் போனுக்கு அனுப்பு. எனக்கு அனுப்பினால் அவர் முகம் சுருங்கும், இந்த விஷயத்தில் வெள்ளவத்தைக்கே தான்தான் நிபுணர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மேல் மாடிப் பெடியனின் சிநேகிதர்கள் நாலு பேர் இதுவரை தங்கள் செசி இலக்கத்தோடு வந்துபோய்விட்டார்கள், ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணீர் போட்டது நான்.

தூளைப் பிரீசரில் வை. இந்த முறை கொஞ்சம் உறைப்புக் கூட.

அன்புடன்,
அம்மா