படிக்காதே என்று சொல்லிக்கொடுக்கிற ரீடிங் வகுப்பு

கோயம்புத்தூரிலும் மற்ற ஊர்களிலும் ஐஈஎல்டிஎஸ், ஓஇடி என்கிற ஆங்கிலத் தேர்வுகளுக்குக் கோச்சிங் சென்டர் நடத்துகிறவர்களுக்கும், அங்கே ரீடிங் வகுப்பு எடுக்கிற ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு ஸ்டாஃப் நர்ஸ். எட்டு வருடம் ஐசியூவில் வேலை பார்த்தவள். இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய அங்குள்ள கவுன்சில், அதாவது என்.எம்.சி., ஐஈஎல்டிஎஸ் ரீடிங்கில் 9-க்கு 7 பேண்ட் கேட்கிறது. லிசனிங், ஸ்பீக்கிங்கிலும் அதே 7. ரைட்டிங்கில் மட்டும் 6.5 போதும். எல்லோரும் ரைட்டிங்கை நினைத்துத்தான் பயப்படுவார்கள். என்னை இரண்டு முறை கவிழ்த்தது ரீடிங். முதலில் 6, அடுத்து 6.5. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் கட்டணமாகப் போனது. சென்டர் ஃபீஸ் தனி.

நான் படித்த சென்டரின் பெயர் வேண்டாம். வேறு வேறு சென்டர்களில் படித்த ஐந்தாறு ஜூனியர்களிடம் கேட்டுப் பார்த்தேன். எல்லோருக்கும் அதே வகுப்புதான் நடந்திருக்கிறது. முதல் நாள் சார் போர்டில் பெரிதாக எழுதினார்: "பாசேஜைப் படிக்காதீர்கள்." கேள்வியைப் படி, அதில் முக்கியமான சொல்லை வட்டம் போடு, பாசேஜில் அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று தேடு, அந்த வரியை மட்டும் பார், விடையை எழுது, அடுத்த கேள்விக்குப் போ. நாங்கள் முப்பது பேரும் பக்தியோடு எழுதிக்கொண்டோம். ரீடிங் தேர்வுக்குப் படிக்கக் கூடாது என்கிற விநோதம் அன்று ஒருவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான்.

சார் சொன்ன காரணம், நேரம் போதாது என்பது. சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐஈஎல்டிஎஸ்ஸில் நான் எழுதிய அகாடமிக் வகைத் தேர்வில் மூன்று பாசேஜ், 40 கேள்வி, 60 நிமிடம். மூன்று பாசேஜும் சேர்ந்து 2,150 முதல் 2,750 சொல் வரை இருக்கும். நிமிடத்துக்கு 150 சொல் என்பது நிதானமான வேகம். அந்த வேகத்தில் படித்தாலும் 2,750 சொல்லை 19 நிமிடத்துக்குள் முடித்துவிடலாம். மீதி 41 நிமிடம் கேள்விகளுக்கு இருக்கிறது. எனக்கு நேரம் போதாமல் போனது படித்ததால் அல்ல. ஒவ்வொரு கேள்விக்கும் பாசேஜின் தலையிலிருந்து கால்வரை சொல் தேடி ஓடியதால்தான். ஒரே பாசேஜில் பன்னிரண்டு, பதின்மூன்று முறை. கடைசியில் அது எதைப் பற்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சொல் தேடுவது ஏன் ஏமாற்றும் என்பதற்கு நானே எழுதிய ஒரு சின்ன மாதிரி காட்டுகிறேன். ஆங்கிலத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

"குடியேறிகள் தீவுக்குக் கொண்டுவந்த ஆடுகள், சில பத்தாண்டுகளிலேயே கரையோரப் புதர்களை அரிதாக்கிவிட்டன."

இதற்கு ட்ரூ (சரி), ஃபால்ஸ் (தவறு), நாட் கிவன் (பாசேஜில் சொல்லவில்லை) வகையில் மூன்று கேள்வி. ஒன்று: குடியேறிகள் பாலுக்காகத் தீவுக்கு ஆடுகளைக் கொண்டுவந்தனர். இரண்டு: ஆடுகள் கரையோரப் புதர்களை முற்றிலும் அழித்தன. மூன்று: மனிதர்கள் வந்த பிறகு அங்கே தாவரங்களின் நிலை மாறியது.

சொல் தேடுகிறவருக்கு முதல் கேள்வியில் குடியேறிகள், தீவு, ஆடு, கொண்டுவருதல் என்று நான்கு சொல்லும் வரிசையாக மாட்டும். உடனே ட்ரூ போடுவார். ஆட்டைப் பாலுக்குத்தானே கொண்டுவருவார்கள் என்று அவருடைய பொது அறிவும் தலையாட்டும். ஆனால் பால் என்ற பேச்சே பாசேஜில் இல்லை, அதனால் நாட் கிவன். இரண்டாவதில் "அரிது" வேறு, "முற்றிலும்" வேறு. அரிதாகிவிட்டது என்றால் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, எனவே ஃபால்ஸ். மூன்றாவது கேள்வியில் பாசேஜில் உள்ள ஒரு சொல்கூட இல்லை. விடை ட்ரூ. சொல் அதிகம் பொருந்துகிற இடத்தில் பொறியையும், ஒன்றுமே பொருந்தாத இடத்தில் விடையையும் வைப்பது கேள்வி எழுதுகிறவர்களுக்குக் கைவந்த கலை. நீங்கள் எங்களை நேராகப் பொறிக்குள் நடக்கப் பழக்குகிறீர்கள்.

உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இந்தப் பழக்கத்தைப் பள்ளிக்கூடத்திலேயே ஊட்டிவிட்டார்கள். ஆங்கிலப் பரீட்சையில் ஒரு பத்தி கொடுப்பார்கள், கேள்வியில் உள்ள சொல் எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுதினால் முழு மார்க். நானும் அப்படி எழுதித்தான் ப்ளஸ் டூவில் ஆங்கிலத்தில் நல்ல மார்க் வாங்கினேன். அந்தப் பழக்கத்தை உடைக்க வேண்டிய இடம் உங்கள் வகுப்பு. அங்கே அதற்கு ஸ்கேனிங் என்று பெயர் வைத்து இன்னும் கெட்டிப்படுத்துகிறார்கள்.

தலைப்பு பொருத்துகிற கேள்விக்கும் இதே கதைதான். பத்தியின் முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்தால் போதும் என்றார் சார். எத்தனையோ பத்திகள் பழைய கருத்து ஒன்றைச் சொல்லித் தொடங்கி, நடுவில் ஒரு "ஹவ்வெவர்" போட்டு அதைக் கவிழ்த்துவிடுகின்றன. முதல் வரியை மட்டும் பார்த்தவர், கவிழ்த்துப் போட்ட கருத்தையே தலைப்பாக எடுப்பார். நான் எடுத்திருக்கிறேன்.

வார்டில் நாங்கள் இப்படிப் படிப்பதில்லை என்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. ரத்த அழுத்த மாத்திரை ஒன்றை எழுதிவிட்டு, பக்கத்திலேயே டாக்டர் "ஹோல்ட் இஃப் சிஸ்டாலிக் பிலோ 100" என்று குறித்திருப்பார். மேல் அழுத்தம் 100-க்குக் கீழே இருந்தால் கொடுக்காதே என்று அர்த்தம். மருந்துப் பெயரை மட்டும் தேடிப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போனால், ஏற்கெனவே 90-ல் இருக்கிற நோயாளியின் கதி என்ன? அந்த "இஃப்" தான் உத்தரவே. எட்டு வருடம் அந்த "இஃப்"களைத் தவறவிடாமல் படித்தவள், உங்கள் வகுப்புக்கு வந்து அவற்றைத் தாண்டிக் குதிக்கக் கற்றுக்கொண்டேன்.

நியாயமாகப் பேசினால், சில விஷயங்களை நன்றாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். தப்பு விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், அதனால் எதையும் காலியாக விடாதே என்றது. இரண்டு சொல்லுக்கு மேல் கூடாது என்று போட்டிருந்தால் மூன்றாவது சொல் விடையையே கெடுக்கும் என்றது. எழுத்துப்பிழைக்கும் மார்க் போகும் என்றது. பேப்பரில் எழுதும்போது லிசனிங்கில் விடைகளை விடைத்தாளில் எடுத்தெழுதத் தருகிற 10 நிமிடம் ரீடிங்கில் கிடையாது என்பதையும் முதல் வாரமே சொன்னீர்கள். எல்லாம் உதவியது. அப்புறம், மருத்துவத் துறையினருக்கான ஓஇடி தேர்வின் ரீடிங்கில் பார்ட் ஏ என்று ஒன்று இருக்கிறது. நான்கு சின்னச் சின்ன மருத்துவக் குறிப்புகள், 20 கேள்வி, 15 நிமிடம். நேரம் முடிந்ததும் அந்தப் பகுதி கையை விட்டுப் போய்விடும், திரும்பிப் பார்க்க முடியாது. அங்கே உங்கள் தேடும் வித்தை செல்லும், வேண்டியதும்கூட. ஆனால் அதே தேர்வின் பார்ட் சியில் இரண்டு நீண்ட கட்டுரை, 16 கேள்வி. எழுதியவர் என்ன நினைக்கிறார், இந்த "இட்" எதைக் குறிக்கிறது என்றெல்லாம் கேட்பார்கள். அங்கே தேடுவதற்குச் சொல்லே இருக்காது.

மூன்றாவது முறை நான் எந்த சென்டருக்கும் போகவில்லை. நைட் ட்யூட்டி முடிந்து வந்து தூங்கி எழுந்ததும் தினமும் ஒரு ஆங்கிலக் கட்டுரை. அறிவியலோ வரலாறோ, எனக்கு ஆர்வமே இல்லாத விஷயமாகப் பார்த்து எடுத்தேன். ஏனென்றால் தேர்வில் நம் விருப்பத்தைக் கேட்டு பாசேஜ் வைக்க மாட்டார்கள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, இவர் என்ன சொன்னார் என்று தமிழில் ஒரே வரியில் எனக்கே சொல்லிப் பார்ப்பேன். சொல்ல வரவில்லை என்றால் மறுபடி படிப்பேன். முதல் இரண்டு வாரம் முக்கால்வாசிப் பத்திகளை மறுபடி படிக்க வேண்டியிருந்தது.

பிறகு ஒரு நோட்டு. மாக் டெஸ்டில் தப்பாய்ப் போன ஒவ்வொரு கேள்வியையும் எழுதி, எதனால் தப்பு என்று பக்கத்தில் குறித்தேன். ஒரு மாதத்தில் என் தப்புகளின் ஜாதகமே அதில் வந்துவிட்டது. "ஹார்ட்லி" என்று வந்தால் என் மனசு "கடினமாக" என்று படித்திருக்கிறது. அது "அநேகமாக இல்லை" என்கிற சொல். "எ ஃபியூ" என்றால் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். முன்னால் "எ" இல்லாமல் வெறும் "ஃபியூ" என்றால் ஆளே அதிகம் இல்லை என்று குறைப்படுகிற தொனி. அந்த ஒற்றை எழுத்தில் எனக்கு எத்தனையோ மார்க் போயிருக்கிறது.

அதைவிடப் பெரியது வாக்கிய அமைப்பு. "தி நர்ஸ் தி பேஷன்ட் கம்ப்ளெய்ன்ட் அபவுட் ஹேஸ் லெஃப்ட்." அவசரத்தில் படித்தால் நர்ஸ் புகார் செய்த மாதிரி தோன்றும். புகார் செய்தது நோயாளி. கிளம்பிப் போனது நர்ஸ். தமிழில் இதையே "நோயாளி புகார் சொன்ன நர்ஸ் போய்விட்டார்" என்போம். விவரமெல்லாம் முன்னால் வந்துவிடும், ஆள் பின்னால் வருவார். ஆங்கிலத்தில் ஆள் முதலில் வந்து நின்றுகொள்வார், விவரம் பின்னால் வால் மாதிரி நீளும். வால் எங்கே முடிகிறது, உண்மையான வினை எங்கே தொடங்குகிறது என்று பென்சிலால் கோடு போட்டுப் போட்டுத்தான் எனக்குப் பிடிபட்டது. நான் படித்த சென்டரில் ஒரு நாள்கூட யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. தமிழ் பேசுகிற பிள்ளைகளுக்குத் தமிழ் தெரிந்த ஆசிரியர் சொல்லித்தர வேண்டியது முதலில் இதுதான் இல்லையா?

உங்கள் வகுப்பில் வாரத்துக்கு ஆறு மாக் டெஸ்ட் போட்டோம். ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்ட அதே பழைய வினாத்தாள்கள். போன பேட்ச் அக்காக்கள் பென்சிலால் போட்ட டிக் மார்க்கூட அழியாமல் இருக்கும். டெஸ்ட் முடிந்ததும் சார் விடைகளை மட்டும் வேகமாக வாசிப்பார். பத்து நிமிடம். ஏன் அது விடை, ஏன் மற்றது இல்லை என்று கேட்டால், "ப்ராக்டிஸ் பண்ணப் பண்ண வந்துடும்மா" என்பார். எனக்கு வரவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆறு டெஸ்டை இரண்டாக்குங்கள். மிச்ச நேரத்தில் தப்பான கேள்விகளை எடுத்து, பாசேஜின் எந்தச் சொல் அந்த விடையைத் தடுக்கிறது என்று மாணவரையே சொல்ல வையுங்கள். சேர வருகிறவரிடம் ஃபீஸ் வாங்கும் முன் ஒரு முழு ரீடிங் டெஸ்ட் கொடுத்துப் பாருங்கள். 40-ல் 15 சரியென்றால் அது 5 பேண்ட் பக்கம், 7-க்கு ஏறக்குறைய 30 வேண்டும். அந்த இடைவெளியை 30 நாளில் தாண்ட முடியாது என்று உங்களுக்கே தெரியும். தெரிந்தும் வாசலில் "30 நாளில் 7 பேண்ட்" என்று பேனர் கட்டாதீர்கள். ஊரில் நகையை அடகு வைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் அந்த பேனரை நம்பித்தான் படியேறுகிறார்கள். தேர்வுக்கு முந்தின நாள் இரவு "நாளைக்கு வரப்போகிற பாசேஜ்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிற வேலையையும் நிறுத்துங்கள். எனக்கு வந்த பதினொரு பாசேஜையும் விடிய விடியப் படித்துவிட்டுப் போனேன். ஒன்றும் வரவில்லை, தூக்கம்தான் வந்தது.

எங்கள் வார்டு ஜூனியர் ஒருத்தி வருகிற திங்கட்கிழமை உங்களில் ஒருவருடைய காலை பேட்சில் சேருகிறாள். ரசீதைக் காட்டினாள். முதல் நாளே போர்டில் "பாசேஜைப் படிக்காதீர்கள்" என்று எழுதினால் கையைத் தூக்கி, "ஏன் சார்?" என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். 19 நிமிடக் கணக்கையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவள் கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது முறையில் 7.5 வாங்கிய ஒரு ஸ்டாஃப் நர்ஸ்,
கோயம்புத்தூர்